நிக்கொடேமஸ் என்னும் ஊர்

அமெரிக்காவின் பூகோளப் படத்தை விரித்து அதன் நட்ட நடுவில் விரலை வைத்தால், அந்த விரல் பெரும்பாலும் கான்ஸாஸ் ராஜ்யத்தில்தான் படும். கடல் என்றால் என்ன என்று கேட்கக்கூடிய இடம் அது. கண்ணுக்கு எட்டிய வரையில் புல்லும் கோதுமையும், அவற்றின்மேல் கவிழ்த்து வைத்த பெரிய ஆகாயமுமாக இருக்கும். அங்கே, ஸாலமன் நதியின் தென் கிளைக்கு வடக்கே, கிரஹாம் ஜில்லாவில், நிக்கொடேமஸ் என்று ஓர் ஊர் இருக்கிறது. ஊர் என்று நான் சொல்கிறேன். அமெரிக்கச் சட்டப்படி அது ஊர்தானா என்று கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டும்.

அந்த நாட்டில் ஓர் இடம் ஊர் என்று பெயர் வாங்க வேண்டுமானால், அங்கே இருப்பவர்கள் மனுச் செய்துகொண்டு, சாஸனம் பெற்று, மேயர், சபை, வரி என்று ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். அப்படிச் செய்துகொள்ளாத இடங்கள் ஆயிரக் கணக்கில் இருக்கின்றன. நாலு வீடு, ஒரு தேவாலயம், சாலை ஓரத்தில் ஒரு பெயர்ப்பலகை, இவ்வளவுதான் இருக்கும். மேயரும் கிடையாது, எல்லைக் கல்லும் கிடையாது. ரஸ்தாவைப் பார்த்துக்கொள்வதும் திருடனைப் பிடிப்பதும் ஜில்லா அதிகாரிகளின் வேலை. அந்த ஜாதியைச் சேர்ந்தது நிக்கொடேமஸ். 1877-ல் பிறந்த நாளிலிருந்து இன்று வரை அதற்கு ஒரு மேயர் இருந்ததில்லை. 2020-ஆம் வருஷத்து ஜனக்கணக்கில் அங்கே இருந்தவர்களின் தொகை இருபதைக்கூடத் தொடவில்லை.

இருபது பேருக்குக் குறைந்த ஓர் ஊருக்குச் சரித்திரம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். கதை எழுதிப் பிழைக்கிறவனுக்குப் பெரிய நகரங்களைக் கண்டால் ஒரு பயம் உண்டு. அங்கே எதற்கு எது காரணம் என்று கண்டுபிடிப்பதற்குள் ஆயுசு முடிந்துவிடும். சின்ன ஊரில் அப்படி இல்லை. யார் வந்தார்கள், யார் அழுதார்கள், யார் ஏமாற்றினார்கள், யார் போனார்கள் என்பதெல்லாம் கை ரேகை மாதிரி தெரியும்.

முதலில் வந்தது ஊர் அல்ல, ஒரு காகிதம்.

இந்தியானாவிலிருந்து வந்த டபிள்யூ. ஆர். ஹில் என்ற வெள்ளைக்காரர் நில வியாபாரம் செய்பவர். புதிய பிரதேசத்தில் ஊர்களை உண்டாக்கி, மனைகளாகப் பிரித்து விற்பது அந்தக் காலத்தில் ஒரு தொழில். அவரோடு டபிள்யூ. எச். ஸ்மித் என்ற கறுப்பு இனத்துப் பாதிரியார் ஒருவர் சேர்ந்துகொண்டார். 1877 ஏப்ரலில் 'நிக்கொடேமஸ் டவுன் கம்பெனி' ஆரம்பமாயிற்று. ஹில் ஒருவரைத் தவிர மற்றவர்கள் ஆறு பேரும் கறுப்பர்கள். ஸ்மித் தலைவர், ஸைமன் ரவுண்ட்ரீ என்ற இன்னொரு பாதிரியார் காரியதரிசி. இந்த ரவுண்ட்ரீ, அடிமையாக இருந்த நாளில் திருட்டுத்தனமாக எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டதற்காகக் கன்னத்தில் சூடு போடப்பட்டவர் என்று சொல்வார்கள். அப்படிப்பட்டவர் தம் கையாலேயே துண்டுப் பிரசுரம் எழுதி அச்சடித்து, நம் ஜனங்களே வாருங்கள் என்று அழைத்ததை நினைத்துப் பார்த்தால், அந்தக் காகிதத்தை வெறும் விளம்பரம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் விளம்பரம் விளம்பரம்தான். நூற்றறுபது ஏக்கரா ஊர்மனை; ஒரு மனைக்கு ஐந்து டாலர். சுற்றிலும் சர்க்கார் நிலம். 1862-ஆம் வருஷத்துக் குடியேற்றச் சட்டப்படி, ஒரு குடும்பத்துக்கு 160 ஏக்கரா. ஐந்து வருஷம் அங்கேயே தங்கிப் பயிர் செய்தால் பட்டா கிடைத்துவிடும். கட்டவேண்டிய கட்டணமெல்லாம் சேர்ந்து பதினெட்டு டாலர்தான். இதெல்லாம் உண்மை. இதற்கு மேல் ஹில், கென்டக்கியில் கறுப்பர்களின் தேவாலயங்களுக்கே போய்ப் பிரசங்கம் செய்தார். வேட்டைக்கு மிருகங்கள் ஏராளம், காட்டுக் குதிரைகள் திரிகின்றன, பிடித்துப் பழக்கி ஏரில் பூட்டிக்கொள்ள வேண்டியதுதான் என்ற ரீதியில் பேசினார். இது உண்மையல்ல.

கேட்டவர்கள் யார் என்பதை மறக்கக் கூடாது. கென்டக்கியில் அடிமைத்தனம் ஒழிந்தது 1865 டிசம்பரில். அதாவது, பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் வரையில் இவர்கள் மாடு மாதிரி விலை பேசப்பட்டவர்கள். விடுதலை வந்த பிறகும் நிலம் பழைய எஜமானர்களிடமே இருந்தது. வாரத்துக்கு உழுவது, கடனுக்கு உண்பது, இரவில் முகமூடிக்காரர்களுக்குப் பயந்து விளக்கை அணைப்பது என்றே வாழ்ந்தார்கள். 1877-ல் தெற்கு ராஜ்யங்களில் காவலுக்கு நின்ற மத்திய சர்க்கார் பட்டாளத்தின் மிச்சமும் விலக்கப்பட்டது. இனிமேல் நம்மைக் கேட்பார் இல்லை என்று கறுப்பர்களுக்குப் புரிந்துவிட்டது. அந்தச் சமயத்தில் 'கான்ஸாஸ்' என்ற சொல்லுக்கே ஒரு மந்திர சக்தி இருந்தது. அடிமை முறையை எதிர்த்து ஜான் பிரௌன் கத்தி எடுத்த மண் அல்லவா அது? இரண்டு வருஷம் கழித்து, 1879-ல், ஆயிரக் கணக்கானவர்கள் மூட்டை முடிச்சுகளோடு மிஸிஸிப்பி நதிக் கரைக்கு வந்து, கான்ஸாஸுக்குப் படகு வராதா என்று காத்துக் கிடந்தார்கள். நிக்கொடேமஸ்காரர்கள் அதற்கும் முந்தியவர்கள்.

பெயரைப்பற்றி ஒரு வார்த்தை. நம்முடைய தமிழ் பைபிளில் நிக்கொதேமு என்று வருகிறாரே, ராத்திரி வேளையில் இயேசுவைத் தேடி வந்தவர், அவர் பெயர்தான் ஊருக்கு வைத்தது என்று சிலர் சொல்கிறார்கள். இல்லை, ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக்கொண்டு வரப்பட்ட ஓர் அடிமையைப்பற்றி 1864-ல் ஹென்றி கிளே ஒர்க் என்பவர் எழுதிய பாட்டு ஒன்று அந்தக் காலத்தில் பிரபலமாக இருந்தது, அதிலிருந்து வந்தது என்று வேறு சிலர் சொல்கிறார்கள். எனக்கு இரண்டாவதுதான் பொருத்தமாகப் படுகிறது. அந்தப் பாட்டின் நிக்கொடேமஸ், விடியும் நேரத்தில் தன்னை எழுப்பச் சொல்லிவிட்டு மரித்தவன்.

1877 ஜூனில் ரவுண்ட்ரீ முதல் ஆளாக வந்து சேர்ந்தார். ஜூலையில் டொபீகா நகரத்திலிருந்து ஒரு சிறு கூட்டம் வந்தது. அதில் ஸ்மித்தின் மகள் ஜென்னியும் அவள் புருஷன் ஸக்கரி ஃபிளெச்சரும் இருந்தார்கள். பெரிய கூட்டம் வந்தது செப்டம்பரில். கென்டக்கியின் லெக்ஸிங்டன் பக்கத்திலிருந்து முந்நூறு பேருக்கு மேல் ரயில் ஏறி எல்லிஸ் என்ற ஸ்டேஷனில் இறங்கினார்கள். அங்கிருந்து வடக்கே முப்பத்தைந்து மைல். ரஸ்தா கிடையாது. சாமான்களைச் சுமந்துகொண்டு இரண்டு நாள் நடந்தார்கள்.

அடுத்த வருஷம் வசந்த காலத்தில் அதே பாதையில் வந்த இன்னொரு கூட்டத்தில் வில்லியானா ஹிக்மன் என்ற பெண்மணி இருந்தார். அவர் புருஷன் டேனியல் ஹிக்மன் பாதிரியார். எல்லிஸிலேயே கூட்டத்தில் அம்மை கண்டுவிட்டது. சில குழந்தைகளை அங்கேயே புதைத்துவிட்டுத்தான் புறப்பட்டார்கள். திசைகாட்டியைப் பார்த்துக்கொண்டு புல்வெளியில் பிரயாணம். மறுநாள் ஆண்கள், 'அதோ நிக்கொடேமஸ்!' என்று கூவினார்கள். வில்லியானா உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தவர், எழுந்து சந்தோஷத்தோடு பார்த்தார். ஊர் எங்கே? வீடு எங்கே? ஒன்றும் தென்படவில்லை. புருஷன் கையை நீட்டிக் காட்டினார். பூமியிலிருந்து இங்கொன்றும் அங்கொன்றுமாகப் புகை கிளம்பிக்கொண்டிருந்தது. அந்தப் புகைதான் ஊர். ஜனங்கள் தரைக்குள் வளை தோண்டிக்கொண்டு இருந்தார்கள். அவர் அழ ஆரம்பித்துவிட்டார். ஏறக்குறைய அறுபது வருஷம் கழித்து, கிழவியாக இருந்தபோது, இதை ஒரு பத்திரிகைக்குச் சொன்னார்.

இதைப் படித்த அன்று நான் வேறு ஒன்றும் எழுதவில்லை. எவ்வளவோ நாவல்களில் எவ்வளவோ பேர் ஊர் போய்ச் சேருகிறார்கள். இப்படி ஒரு போய்ச் சேருதலை நான் கற்பனை செய்திருக்க மாட்டேன்.

வளை தோண்டியதற்குக் காரணம் சோம்பேறித்தனம் அல்ல; பூகோளம். கென்டக்கி மரங்கள் அடர்ந்த நாடு. வீடு வேண்டுமென்றால் கோடரியை எடுத்துக்கொண்டு போனால் போதும். இங்கே ஆற்றோரத்தில் நாலு மரம். மற்ற இடமெல்லாம் புல். ஆகையால் சரிவான மேட்டில் குழி வெட்டி, முன்பக்கத்தில் புல் வேரோடு சேர்ந்த மண்ணைக் கட்டி கட்டியாக அறுத்துச் சுவராக அடுக்கி, மேலே கிளைகளையும் புல்லையும் மண்ணையும் போட்டு மூடிவிட வேண்டியது. கோடையில் குளிர்ச்சி, குளிர்காலத்தில் கதகதப்பு, மழை வந்தால் சேறு. கூரையிலிருந்து பாம்பு விழுவதும் உண்டாம். எரிக்க விறகும் கிடையாது. காட்டெருமைச் சாணம் உலர்ந்து கிடந்ததைப் பொறுக்கினார்கள். சூரியகாந்தித் தண்டை ஒடித்து எரித்தார்கள். வறட்டி தட்டி எரிக்கும் நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. கென்டக்கிக்காரனுக்கு இது அவமானமாக இருந்தது.

வந்தவர்களில் அறுபது குடும்பங்கள் போல அப்படியே திரும்பிவிட்டார்கள். திரும்பிப் போகக் கையில் காசு இருந்தவர்கள் அவர்கள். மற்றவர்களின் கோபமெல்லாம் ஹில்லின்மேல் திரும்பியது. அவரைத் தூக்கில் போட்டுவிட வேண்டும் என்று ஆட்கள் தேடியதாகவும், அவர் ஒளிந்து தப்பியதாகவும் ஒரு கதை வழங்குகிறது. ஹில் தப்பித்தது மட்டுமல்ல, நன்றாகவும் இருந்தார். மேற்கே பத்துப் பன்னிரண்டு மைலில் அவர் பெயரிலேயே 'ஹில் சிட்டி' என்று ஓர் ஊர் ஏற்பட்டு, அதுவே ஜில்லாவின் தலைநகரமும் ஆயிற்று. நிக்கொடேமஸ்காரன் ஒரு பத்திரத்தைப் பதிவு செய்யவேண்டுமென்றாலும் தன்னை ஏமாற்றினவன் பெயர் கொண்ட ஊருக்குத்தான் போகவேண்டும்!

ஹில் அயோக்கியரா? நான் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன். தோட்டத்துக்கு ஆள் பிடிக்கும் கங்காணியை நமக்குத் தெரியும். இவரும் அந்த ரகம் என்று தோன்றிற்று. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. கங்காணி கூட்டிக்கொண்டு போன இடத்தில் நிலம் துரையுடையது. ஹில் கூட்டிக்கொண்டு வந்த இடத்தில், ஐந்து வருஷம் தாக்குப் பிடித்தவனுக்கு நிலம் அவனுடையது. பொய் சொல்லித்தான் அழைத்து வந்தார். பொய் சொல்லியிராவிட்டால் யாரும் வந்திருக்க மாட்டார்கள் என்பதும், வந்திராவிட்டால் அவர்களில் அநேகருக்குச் சாகும்வரையில் சொந்த நிலம் என்று ஒன்று இருந்திராது என்பதும் சேர்ந்தே இருக்கின்றன. அம்மையில் குழந்தையைப் புதைத்த தாயிடம் போய் இந்த நியாயத்தைப் பேச எனக்குத் தைரியம் இல்லை.

முதல் குளிர்காலம் வந்தது. தோண்டிய வளையில் அக்டோபரில் எம்மா வில்லியம்ஸ் என்பவளுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. ஊரின் முதல் குழந்தை அது. ஹென்றி என்று பெயர் வைத்தார்கள். காலம் தப்பி வந்ததால் விதைக்கவில்லை; விதைக்காததால் தானியமில்லை. அப்போது வேட்டை முடிந்து திரும்பிக்கொண்டிருந்த ஓஸேஜ் இந்தியர்கள் தங்களிடம் இருந்த மாமிசத்தில் பங்கு கொடுத்துவிட்டுப் போனார்கள் என்று சந்ததியார் இன்றும் சொல்லுகிறார்கள். தங்கள் நிலத்திலிருந்து துரத்தப்பட்டவர்கள், நிலமே இல்லாமல் துரத்தப்பட்டு வந்தவர்களுக்குச் சோறு போட்டார்கள். கான்ஸாஸின் கிழக்குப் பக்கத்து நகரங்களுக்கும் ஆள் அனுப்பி, துணியும் தானியமும் யாசித்து வாங்கி வந்தார்கள்.

வசந்தம் வந்ததும் உழவேண்டும். ஊரிலிருந்த குதிரைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆயிரக் கணக்கான வருஷங்களாக ஏர் படாத புல்வெளி. வேர் ஒன்றோடொன்று பின்னிக் கம்பளம் மாதிரி கிடக்கும். அதை மண்வெட்டியாலும் கொத்தாலும் திருப்பினார்கள். ஆண்கள் சிலர், முப்பது நாற்பது மைலுக்கு அப்பால் ரயில் பாதையிலும் வெள்ளைக்காரர்களின் பண்ணைகளிலும் கூலிக்குப் போய், அந்தப் பணத்தை வீட்டுக்கு அனுப்பினார்கள். நிலத்தில் இருந்து பட்டாவைக் காப்பாற்றினவர்கள் பெண்கள். சரித்திரத்தில் பெண்கள் வருவதில்லை என்பார்கள். இங்கே அவர்கள் மண்வெட்டியோடு வருகிறார்கள்.

நான் முக்கியமாகச் சொல்ல நினைத்த விஷயத்துக்கு இப்போது வருகிறேன். 1879-ல் ஊர் ஜனங்கள் கூடிப் பேசி, டவுன் கம்பெனியைக் கலைத்துவிட்டார்கள். அதோடு, இனிமேல் எங்களுக்குத் தர்மம் அனுப்ப வேண்டாம் என்றும் தீர்மானம் செய்தார்கள். வயிறு நிறைந்து போய் அல்ல. அப்போதும் பாதிப் பேர் வளையில்தான் இருந்தார்கள். தர்மம் வருகிறது என்று கேள்விப்பட்டால், கையில் ஒன்றும் இல்லாதவர்கள் மேலும் மேலும் வந்து குவிந்துவிடுவார்கள்; ஊர் முழுகிவிடும் என்ற பயமும் அதில் இருந்தது. ஆகவே அந்தத் தீர்மானத்தில் சுயமரியாதையும் உண்டு. கொஞ்சம் கல் நெஞ்சும் உண்டு. தெற்கிலிருந்து ஆயிரக் கணக்கானவர்கள் ஓடி வந்துகொண்டிருந்த அதே வருஷம் அது என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டால், அந்தக் கூட்டத்தில் கை தூக்கினவர்களின் மனசு என்ன பாடுபட்டிருக்கும் என்று ஊகிக்கலாம். நேற்று வந்தவன் இன்று வருகிறவனுக்குக் கதவைச் சாத்துவது எந்த ஊரிலும் நடப்பதுதான். ஆனால் தனக்கு வரும் கஞ்சியையும் சேர்த்து நிறுத்திவிட்டுச் சாத்தினவர்கள் குறைவு.

பிறகு பத்து வருஷம் ஊருக்கு நல்ல காலம். ஃபிளெச்சர் போஸ்ட்மாஸ்டராகி, பிறகு ஹோட்டல் கட்டினார். ஜென்னி பிள்ளைகளுக்குப் படிப்புச் சொல்லிக் கொடுத்தாள். அந்தப் பக்கத்தில் பூமிக்குள் கிடைக்கும் சுண்ணாம்புக் கல், வெட்டும்போது மிருதுவாக இருந்து காற்றுப் பட்டதும் இறுகிவிடும். மரமில்லாத குறையைக் கடவுள் இப்படி ஈடு செய்திருந்தார். வளைகளிலிருந்து கல் வீடுகளுக்கு ஏறினார்கள். கடைகள், பாங்க், மருந்துக் கடை, குதிரை லாயம், ஐஸ்கிரீம் கடை, பேண்டு வாத்தியம், பேஸ்பால் கோஷ்டி, இலக்கியச் சங்கம் எல்லாம் வந்தன. வெள்ளைக்காரர்களும் வந்து கடை போட்டார்கள். ஒரே தெருவில் இருவரும் வியாபாரம் செய்தார்கள். 1886-லும் 1887-லுமாக இரண்டு பத்திரிகைகள் தோன்றின. ஒன்றின் பெயர் 'வெஸ்டர்ன் ஸைக்ளோன்', அதாவது மேற்குச் சூறாவளி. சில நூறு பேர் உள்ள ஊரில் இரண்டு பத்திரிகை! வாசகர்களைவிட எழுதுகிறவர்கள் அதிகமாக இருப்பது நமக்கு மட்டும் ஏற்பட்ட துன்பம் அல்ல என்று தெரிகிறது.

இந்தக் காலத்தில் ஊருக்கு வந்தவர்களில் எட்வர்ட் மக்கேப் என்ற வாலிபரைச் சொல்லாமல் விட முடியாது. நியூயார்க் ராஜ்யத்தில் பிறந்து, சிக்காகோவில் குமாஸ்தாவாக இருந்துவிட்டு, 1878-ல் ஏப்ரஹாம் ஹால் என்ற நண்பரோடு இங்கே வந்து சேர்ந்தார். கிரஹாம் ஜில்லாவை முறையாக அமைத்ததில் இருவருக்கும் பங்கு உண்டு. புதிய ஜில்லாவின் முதல் குமாஸ்தா மக்கேப். 1882-ல் கான்ஸாஸ் ராஜ்யத்தின் தணிக்கை அதிகாரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ராஜ்யம் முழுவதும் ஓட்டுப் போடும் பதவி அது. இரண்டு வருஷம் கழித்து மறுபடியும் ஜயித்தார். வளை தோண்டியிருந்த ஊர் பிறந்து ஐந்தே வருஷத்தில் இது நடந்தது. அப்புறம் அவர் கண் ஒக்லஹாமாவின்மேல் விழுந்தது. அங்கே கறுப்பர்களுக்கென்றே ஒரு ராஜ்யம் அமைக்கலாம் என்று போனார். 1890-ல் லாங்ஸ்டன் என்ற ஊரை உண்டாக்கினார். ராஜ்யம் அமையவில்லை. 1920-ல் சிக்காகோவில் ஏழையாக இறந்துபோனார். நிக்கொடேமஸில் நூற்றறுபது ஏக்கராவோடு உட்கார்ந்திருந்தால் சௌக்கியமாக இருந்திருப்பாரோ என்னவோ. உட்கார்ந்திருக்கிற சுபாவம் உள்ளவர் அங்கே வந்திருக்கவே மாட்டார்.

இனி ரயில் கதை. அந்தப் புல்வெளியில் ஓர் ஊரின் ஜாதகத்தைக் கணித்தது ரயில்தான். ஸ்டேஷன் வந்தால் ஊர். வராவிட்டால் மேய்ச்சல் தரை. 1887-ல் மிஸௌரி பஸிபிக் கம்பெனி அந்தப் பக்கம் பாதை போடப்போகிறது என்று பேச்சு அடிபட்டது. உடனே வட்டாரத்து ஜனங்கள் ஓட்டுப் போட்டு, பதினாறாயிரம் டாலருக்குக் கடன் பத்திரம் கொடுப்பதாக ஒப்புக்கொண்டார்கள். பத்து வருஷத்துக்கு முன்னால் சூரியகாந்தித் தண்டு எரித்தவர்கள் பதினாறாயிரம் டாலர் தருகிறோம் என்றார்கள்! பத்திரிகைகள், ரயில் வந்துவிட்ட மாதிரியே எழுதின. மனை விலை ஏறிற்று. புதிய கட்டடங்கள் கிளம்பின.

ரயில் வரவில்லை. மிஸௌரி பஸிபிக் கைவிட்டுவிட்டது. ஸாண்டா ஃபே வரும் என்று நம்பினார்கள், அதுவும் வரவில்லை. 1888-ல் யூனியன் பஸிபிக் கம்பெனி பாதை போட்டது. ஆனால் ஆற்றுக்குத் தெற்கே. ரயில் வேலைக்காரர்கள் கூடாரம் அடித்திருந்த இடம், சில மைலுக்கு அப்பால், போக் என்ற ஊராக ஆயிற்று. நிக்கொடேமஸ் வியாபாரிகள் ஒவ்வொருவராகக் கடையைக் கட்டினார்கள். கட்டினார்கள் என்றால், சிலர் மரக் கட்டடத்தையே பெயர்த்து, இழுத்துக்கொண்டு ஆற்றைக் கடந்து போய்விட்டார்கள். போகாதீர்கள், அவசரப்படாதீர்கள் என்று பத்திரிகை எழுதிப் பார்த்தது. பிறகு பத்திரிகையும் நின்றது.

நிக்கொடேமஸைப்பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் பெருமூச்சு விட்டு, ரயில் ஊரைக் கொன்றுவிட்டது என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது முழுவதும் சம்மதமில்லை. போனவர்கள் வியாபாரிகள். நிலத்தைத் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடக்க முடியுமா? விவசாயிகள் இருந்தார்கள். 1907-ல் பாப்டிஸ்டு சபையார் பழைய தேவாலயம் இருந்த இடத்திலேயே கல்லால் பெரிய தேவாலயம் கட்டினார்கள். 1918-ல் புதிய பள்ளிக்கூடம் எழுந்தது. செத்த ஊரில் யார் பள்ளிக்கூடம் கட்டுவார்கள்? ரயில் வராததால் நிக்கொடேமஸ் பட்டணமாகும் வாய்ப்பு போயிற்று; கிராமமாக இருக்கும் உரிமை போகவில்லை.

அதைப் பிடுங்க வந்தது 1930-களின் வறட்சி. அந்தப் பிரதேசத்தில் வருஷத்துக்குச் சுமார் இருபது அங்குலம் மழை. அதில் நாலைந்து அங்குலம் குறைந்தாலும் கோதுமை கருகிவிடும். மழை தவறிய வருஷங்கள் தொடர்ந்து வந்தன. முன்னோர்கள் மண்வெட்டியால் திருப்பின மண், புல் வேர் பிடிப்பு இல்லாமல், காற்றில் எழுந்து சூரியனை மறைத்தது. கோதுமை விலையும் விழுந்தது. குடும்பம் குடும்பமாக நகரங்களுக்குப் போனார்கள். 1939-ல் சர்க்கார், வேலையில்லாதவர்களுக்கு வேலை கொடுக்கும் திட்டத்தின்கீழ், அங்கே சுண்ணாம்புக் கல்லால் ஒரு பொது மண்டபம் கட்டியது. கட்டி முடிந்தபோது அதில் வந்து உட்கார ஆட்கள் குறைந்து போயிருந்தார்கள். 1953-ல் தபாலாபீஸை மூடினார்கள். பின்னால் பள்ளிக்கூடமும் மூடிற்று.

இருந்தாலும் வருஷத்துக்கு ஒரு தடவை ஊர் நிறைந்துவிடும். ஆரம்ப நாளிலிருந்து ஆகஸ்டு முதல் தேதியன்று ஒரு திருவிழா. அமெரிக்க விடுதலை நாள் அல்ல அது. 1834-ல் மேற்கு இந்தியத் தீவுகளில் பிரிட்டிஷார் அடிமைகளை விடுவித்த நாள். அந்தச் சட்டத்துக்கு நம் பக்கத்தில் இன்னொரு விளைவு உண்டு. அடிமைகள் போனதும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் இல்லை என்று துரைமார்கள் இந்தியாவைத் தேடி வந்தார்கள். நம்முடைய தமிழ் ஜனங்களும் மொரீஷியஸுக்குக் கப்பல் ஏறினார்கள். கான்ஸாஸில் கொண்டாடிய அந்தத் தேதியில் நமக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது.

இப்போது அந்தத் திருவிழா ஜூலைக் கடைசியில், சனி ஞாயிறு பார்த்து நடக்கிறது. கலிபோர்னியாவிலிருந்தும் கொலராடோவிலிருந்தும் பேரன் பேத்திகளும் கொள்ளுப் பேரன்களும் வருகிறார்கள். இருபது பேர் இல்லாத ஊரில் நூற்றுக் கணக்கானவர்கள் ஒருவரையொருவர் உறவு விசாரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இவர்களுடைய பிடிவாதம்தான் 1976-ல் ஊரைத் தேசியச் சரித்திரச் சின்னமாக அறிவிக்கச் செய்தது. 1996-ல் மத்திய சர்க்காரே சட்டம் போட்டு, தேசியச் சரித்திர ஸ்தலமாக ஏற்றுக்கொண்டது. பழைய தேவாலயங்கள் இரண்டு, ஃபிளெச்சரின் ஹோட்டல், பள்ளிக்கூடம், மண்டபம் ஆகிய ஐந்து கட்டடங்களும் அதில் சேர்த்தி. வருகிறவர்களை அந்த மண்டபத்தில் உட்கார வைத்து, சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் ஊரின் கதையைச் சொல்லுகிறார்கள்.

வெரில் ஸ்விட்ஸர் என்று ஒருவர். 1932-ல், வறட்சிக் காலத்தில், நிக்கொடேமஸில் பிறந்தவர். கால்பந்தில், அதாவது அமெரிக்கர்கள் கையால் எடுத்துக்கொண்டு ஓடுகிறார்களே அந்தக் கால்பந்தில், மகா சூரர். 1954-ல் கிரீன் பே பாக்கர்ஸ் என்ற பெரிய கோஷ்டி முதல் சுற்றிலேயே அவரைத் தேர்ந்தெடுத்தது. ஆட்டம் முடிந்தபின், தாம் படித்த கான்ஸாஸ் ராஜ்யக் கல்லூரியிலேயே நெடுநாள் உத்தியோகம் பார்த்தார். இவ்வளவுக்கும் நடுவில் ஊர் நிலத்தை விடவில்லை. வயதான காலத்தில் அங்கே கோதுமை பயிரிட்டுக்கொண்டிருந்தார். 2022-ல் காலமானார்.

அவர் உழுத நிலத்துக்குப் பக்கத்தில் இருபத்துநாலாம் எண் நெடுஞ்சாலை போகிறது. காரில் வேகமாகப் போனால் ஒரு நிமிஷத்தில் ஊர் பின்னால் போய்விடும். வண்டியை நிறுத்தி இறங்கினவர்கள், மேட்டின் சரிவுகளில் அங்கங்கே தரை சற்றுப் பள்ளமாக உள்வாங்கிப் புல் மூடிக் கிடப்பதைப் பார்க்கலாம். வளைகள் இருந்த இடங்கள் அவை.